நாட்டு நாய் வாங்கப்போகிறவர்களுக்கு: வேலையைப் பாருங்கள், அப்புறம் குட்டியைப் பாருங்கள்

போன மாதம் சென்னையிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் அழைத்தார். “அண்ணே, நல்ல சிப்பிப்பாறைக் குட்டி ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க, வீட்டுக் காவலுக்கு” என்றார். வீடு எப்படி என்று கேட்டேன். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவார்கள். கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாயைப் பன்னிரண்டு மணி நேரம் பால்கனியில் அடைத்துவைத்துக் காவல் காக்கச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம்தான்.

2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு இப்படிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் ஆசையாக வாங்கிவிட்டு எட்டாவது மாதம் “யாராவது எடுத்துக்குவாங்களா?” என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் தடவையாக நாட்டு நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் விஷயங்களை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: நாய் எதற்கு?

“காவலுக்கு” என்ற பதில் போதாது. ஆள் வந்தால் குரைத்துச் சொல்ல வேண்டுமா, வந்தவனை மறித்து நிறுத்த வேண்டுமா? வீட்டு வாசலா, ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பா? ஆட்டுக் கிடையா? காட்டுப்பன்றி இறங்குகிற நிலமா? பகலில் வீட்டில் ஆள் உண்டா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

குரைத்தால் போதும் என்றால் உங்கள் தெருவிலேயே ஒரு குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு வளர்த்துவிடுங்கள். அதைவிட உஷாரான காவலாளி கிடையாது. செலவும் குறைவு, நோயும் குறைவு. அப்படி முடிவு செய்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் தடுப்பூசிப் பகுதி மட்டும் போதும்.

இரண்டாம் படி: நான்கு நாய்களும் ஒன்றல்ல

கோம்பை. தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊரின் பெயர்தான் நாய்க்கும். செவலை நிறம், கருத்த வாய், அகன்ற நெஞ்சு, உறுதியான தாடை. உயரம் அதிகமில்லை, இரண்டடியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் தரையில் நன்றாக ஊன்றி நிற்கிற உடம்பு. பாளையக்காரர் காலத்து வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற நாய் இது. பன்றி, சிறுத்தை நடமாட்டம் உள்ள மலையடிவாரத்தில் ஆடு மாடுகளுக்குத் துணையாக நின்ற நாய். நிலம் இருக்கிறது, நிஜமான காவல் வேண்டும் என்பவர்களுக்கு நான்கில் என் முதல் பரிந்துரை இதுதான். ஓடி ஊரைச் சுற்றுவதைவிடத் தன் எல்லையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குறை என்றால், பிற நாய்களோடு ஒத்துப்போகாத கோம்பைகள் நிறைய. இரண்டு கடுவன் நாய்களை ஒரே இடத்தில் வளர்க்க நினைக்காதீர்கள். இன்னொன்று, வாய் கருத்த செவலைக் குட்டியெல்லாம் கோம்பை என்று சொல்லி விற்பனைக்கு வரும். தாயையும் முடிந்தால் தகப்பனையும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

ராஜபாளையம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. வரை வரும். 2005இல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது இதுதான். பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் வளர்த்த நாய். அந்நியரை எளிதில் ஏற்காது. வீட்டில் ஒருவரைத் தன் ஆளாக வைத்துக்கொள்ளும்.

சிக்கல் அந்த வெள்ளையில் இருக்கிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதின் வேலைக்கும் தேவை. அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் செவிப்புலன் அழிந்துவிடும். வெள்ளை நாய்களில் செவிட்டுக் குட்டிகள் அதிகமாகப் பிறப்பது இதனால்தான். இந்த இனத்தில் வேறு நிறங்களும் உண்டு, ஆனால் வாங்குகிறவர்கள் துளி நிறம் இல்லாத வெள்ளைதான் வேண்டும் என்று கேட்க, விற்பவர்களும் அதையே பெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். காது கேட்காத நாயைத் தோப்புக் காவலுக்கு வைத்து என்ன செய்வது? மெல்லிய தோல் என்பதால் உச்சி வெயிலில் வெந்தும் போகும், சொறியும் சீக்கிரம் பிடிக்கும். ஒரே ஆறுதல், உண்ணி ஏறினால் தூரத்திலிருந்தே தெரியும்.

சிப்பிப்பாறையும் கன்னியும். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையிலிருந்து கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் வரைக்கும் கரிசல் பூமிதான் இவற்றின் வீடு. ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட மூக்கு. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற நாய்கள். கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்பு இருந்தால் கன்னி, வேறு நிறங்கள் சிப்பிப்பாறை என்று பொதுவாகப் பிரிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்று சாதிப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கன்னியை விலைக்குக் கொடுக்காமல், நன்றாக வளர்ப்பேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு சும்மா கொடுக்கும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்வார்கள்.

இவை வீட்டுக்காரர்களிடம் மென்மையானவை, சத்தமும் குறைவு. ஓட இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். வேலி இல்லாத நிலத்தில் ஒரு பூனை குறுக்கே போனால், நீங்கள் கூப்பிடும் சத்தம் காதில் ஏறுவதற்குள் நாய் பக்கத்து ஊர் எல்லைக்குப் போயிருக்கும்.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு தமிழ்நாட்டவை: ராஜபாளையம், சிப்பிப்பாறை. மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். இனத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பதால் உங்கள் கைக்கு வரும் குட்டி அசல் என்று ஆகிவிடாது.

மூன்றாம் படி: குட்டி தேடுவது

சைதாப்பேட்டையில் அரசு நடத்திய நாய் இனப்பெருக்கப் பிரிவில் போய் வாங்கலாமே என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அதை மூடச் சொல்லி 2016இலேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே பெரும்பாலும் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே திரும்பிவிடலாம்.

நேரில் போங்கள். கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து, பணம் அனுப்பி, பார்சல் லாரியில் குட்டியை வரவழைத்தவன் ஒருவன் இதை எழுதுகிறேன். ஒரு நாள் முழுக்கப் பெட்டிக்குள் இருந்த குட்டி, வந்த நான்காம் நாள் ரத்தமாகக் கழிந்து போய்ச் சேர்ந்தது. விற்றவர் அப்புறம் போனே எடுக்கவில்லை. பணம் போனது போகட்டும், அந்தக் குட்டியின் முகம் இன்னும் மறக்கவில்லை.

போன இடத்தில் முதலில் தாயைப் பாருங்கள். கட்டிவைத்த இடத்திலிருந்து அந்நியரைப் பார்த்துக் குரைத்தால் சரி. நடுங்கிக்கொண்டு மூலையில் ஒண்டினால் அந்த ஈத்தை விட்டுவிடுங்கள், பயந்த நாயின் பிள்ளைகள் பெரும்பாலும் பயந்தவைதான். பயந்த நாய்தான் அதிகம் கடிக்கும். குட்டியின் வயிறு மட்டும் பானை போல உப்பி, உடம்பு ஒட்டிப்போயிருந்தால் குடற்புழு. கண்ணில் பீளை, வாலடியில் கழிச்சல் காய்ந்த கறை, முடி உதிர்ந்த வட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ராஜபாளையம் என்றால் காதைச் சோதிக்காமல் எழுந்திருக்க வேண்டாம். எல்லாக் குட்டிகளும் கூட்டமாக இருக்கும்போது கை தட்டிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்: மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். நீங்கள் விரும்பும் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது உங்களைப் பார்க்காதபோது, பின்னால் நாலைந்து அடி தள்ளி நின்று சாவிக் கொத்தை ஆட்டுங்கள். தரையில் கால் தட்டக் கூடாது, அதிர்வு தெரிந்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் கை தட்டினாலும் காற்றசைவை உணர்ந்துவிடும். தூங்கும்போது ஒரு முறை, விளையாடும்போது ஒரு முறை பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் பரிசோதனை வேண்டும்.

நான்காம் படி: முதல் நான்கு மாதம்

வீட்டுக்கு வந்த மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். “நாட்டு நாய்தானே, அதுவா வளரும்” என்பது நம் ஊரில் நாய்களைக் கொல்கிற வாசகம். வெயிலைத் தாங்கும், பட்டினியைத் தாங்கும், சரி. குட்டிகளை ரத்தக் கழிச்சலில் கொல்லும் பார்வோ வைரஸ் நாட்டு நாய் என்று பார்ப்பதில்லை.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி, அதாவது பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஒரே ஊசி. அதிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளின் வேலையைத் தடுத்துவிடலாம், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுவது. ஒரு ஊசியோடு நிறுத்தினால் போடாத மாதிரிதான். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, அதற்கு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, அப்புறம் வருடா வருடம். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. முன்பு வளர்த்த நாய் பார்வோவில் இறந்த வீடு என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இங்கே ஒரு இக்கட்டு உண்டு. ஊசி முடியும்வரை குட்டியைத் தெருவில் விடக் கூடாது. ஆனால் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலமும் மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். அதுவரை ஐந்து பேரை மட்டும் பார்த்து வளர்ந்த ராஜபாளையம், ஆயுளுக்கும் ஆறாவது ஆளை எதிரியாகத்தான் பார்க்கும். வழி எளிது. தோளில் தூக்கிக்கொண்டு போங்கள். டீக்கடை, பேருந்துச் சத்தம், தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், பள்ளிக்கூடம் விடும் நேரத்துப் பிள்ளைகள், ஆடு, கோழி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். தரையில் மட்டும் இறக்காதீர்கள்.

தீனி

கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்த நாய்கள்தானே என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த நாய்கள் காட்டில் பிடித்ததையும் தின்றன. இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது, எனவே முட்டை, கோழி, மீன் என்று ஏதாவது தினமும் இருக்க வேண்டும். எட்டு வாரக் குட்டிக்கு நாலு வேளை, நாலு மாதத்தில் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. கேப்பைக் களியில் வேகவைத்த கோழியைப் பிசைந்து கொடுப்பது என் வழக்கம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே மிச்ச சாம்பார், பிரியாணி வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலில் குத்தும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களிடம் “நாய்க்குச் சோறே போடலையா?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரிவதுதான் அந்த நாய்க்கு அழகு. கொழுக்கவைத்துவிடாதீர்கள். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது. கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ போகும்போது என்ன இனம் என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: காவலுக்குப் பழக்குவது

கடிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். சாக்குப்பையைச் சுற்றிக்கொண்டு குட்டியைச் சீண்டி விளையாட்டுக் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் காவல் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒன்றரை வயதில் தானாக வெளியே வரும். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறுத்துவதைத்தான்.

பெயர் சொன்னால் வர வேண்டும், “போதும்” என்றால் குரைப்பதை நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் முதல் ஆறு மாதத்தில் பிடிவாதமாகப் பழக்குங்கள். அடித்தல்ல, துண்டு கருவாட்டைக் காட்டி. வந்ததற்கு ஒரு நாளும் திட்டாதீர்கள், எவ்வளவு தாமதமாக வந்தாலும். வீட்டில் எல்லோரும் மாறி மாறிச் சோறு வைக்க வேண்டும். ஒரே ஆள் வைத்தால், அவர் ஊருக்குப் போன அன்று நாய் பட்டினி, வீட்டில் இருப்பவர்களுக்கும் வாசல் தாண்ட பயம்.

காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாகவே ஒரு சுற்று நடத்துங்கள். இரண்டு மாதத்தில் எல்லை எது என்று அதற்குப் புரிந்துவிடும். ஆடு கோழி இருக்கிற இடத்தில் குட்டியிலிருந்தே கயிற்றோடு பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்குங்கள். கோழி சிறகடித்து ஓடும்போது எழாமல் உட்கார்ந்திருந்தால் உடனே கருவாடு. ஒரு தடவை கோழியைப் பிடித்து ருசி கண்டுவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்துவிட்டால் “கோபம் ஏறும்” என்று நம்புகிறவர்கள் உண்டு. கோபம் ஏறும்தான், ஆனால் யார் மேல் என்று நாய் பிரித்துப் பார்க்காது. நாயை நியாயமற்ற நேரம் சங்கிலியில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பத்துக்குப் பதினைந்து அடியில் நிழலுள்ள கம்பிக் கூண்டு ஒன்று கட்டிவிட்டால் ஆட்கள் வரும் நேரத்துக்குப் போதும்.

தோப்பில் இருக்கும் ஆபத்துகள்

வேலி ஆறடி இருக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கு நாலடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. வாசல் கதவுக்கு அடியில் சந்து இருந்தால் கோம்பை தோண்டிவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முதலில் அதைச் சுற்றிக் கம்பி போடுங்கள். இருட்டில் எதையாவது துரத்திப்போய்க் கிணற்றில் விழும் நாய்கள் கொஞ்சநஞ்சமல்ல. பக்கத்து நிலங்களில் பன்றிக்குத் திருட்டு மின்வேலி போடுகிறார்களா, அவுட்டுக்காய் (பன்றி கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைக்கிறார்களா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே நாயை விடாததற்கு இதுவே போதுமான காரணம்.

இரவில் பாம்பை மறிப்பதும் இந்த நாய்களின் குணம். காலையில் முகமோ காலோ வீங்கியிருந்தால், அல்லது கால் தடுமாறினால், மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். விஷமுறிவு மருந்து நாய்க்கும் வேலை செய்யும். அதை வைத்திருக்கிற மருத்துவமனை உங்களுக்கு எத்தனை கிலோமீட்டரில் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைப் போலவே நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. உண்ணிக் காய்ச்சலையும் மறக்க வேண்டாம். நன்றாகத் தின்ற நாய் இரண்டு நாள் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சட்டம்

“வேட்டை நாய்” என்ற பெயரை நம்பிக் காட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். நாயை விட்டுப் பிடித்தாலும், கண்ணி வைத்துப் பிடித்தாலும் வழக்கு ஒன்றே. சென்னை போன்ற மாநகராட்சியில் இருந்தால் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் “ஊசி போட்ட நாய்தான்” என்று சமாதானம் சொல்லாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள். ஊசி அங்கே இலவசம்.

சென்னைத் தம்பி நேற்று மறுபடியும் அழைத்தார். சங்கரன்கோவில் பக்கம் அவருடைய அப்பாவுக்கு மூன்று ஏக்கர் இருக்கிறதாம், அப்பாவும் அம்மாவும் அங்கேயேதான் இருக்கிறார்களாம். நாயை அங்கே விடலாமா என்றார். இது பேச வேண்டிய விஷயம், அப்பாவுக்கு நாய் பிடிக்குமா என்றேன். ரொம்பப் பிடிக்குமாம். வேலி இருக்கிறதா என்றேன். புதிதாகப் போட்டிருக்கிறார்களாம். எத்தனை அடி?

நாலடி என்றார். இன்னும் குட்டி பார்க்கவில்லை.